முட்டி இடிக்கிற கார்

கார் பார்க்கப் போனவர்கள் ஐந்து பேர். மருமகள், அவள் கணவன், கணவனின் அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், மாமியார். கார் மருமகளுக்கு. தவணையும் அவள் சம்பளத்தில்தான். அபிப்பிராயம் மட்டும் ஐந்து பேருக்கும் இருந்தது.

ஷோரூம்காரரோடு சேர்த்து ஆறு. அவள் ஆசைப்பட்ட சின்னச் சிவப்புக் காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம்.

“நீங்க ஓட்டிப் பாத்துட்டு வாங்க. நான் இப்படி ஏசில இருக்கேன்” என்று அக்காவின் வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்துவிட்டார்.

மருமகள் ஓட்டினாள். பக்கத்தில் ஷோரூம்காரர். பின்னால் கணவனும் அக்காவும், நடுவில் மாமியார்.

மெயின் ரோட்டில் ஏறியதும் வண்டி விருட்டென்று கிளம்பியது. வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. கியர் தொட்டதும் விழுந்தது.

“ஸ்டியரிங் எப்படி மேடம்?”

“நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே திரும்புது சார்.”

“முட்டி இடிக்குது” என்றார் மாமியார்.

“நடுவுல உக்காந்தா அப்படித்தாம்மா” என்றான் மகன்.

“அப்ப நிறுத்து. ஓரத்துல உக்காந்து பாக்கறேன்.”

நிறுத்தினாள். வலது ஓரத்துக்கு மாறினார். கொஞ்ச தூரம் போனதும் வேகத்தடை. மாமியாரின் தலை கூரையில் டங்கென்று மோதியது.

“தலையும் இடிக்குது. நிறுத்து, அந்தப் பக்கம் பாக்கறேன்.”

மறுபடி நிறுத்தினாள். எல்லோரும் இறங்கி ஏறினார்கள். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டிவிட்டுப் போனான்.

“இங்கயும் காலை நீட்ட முடியல. ஜன்னலும் பொந்து மாதிரி இருக்கு.”

ஷோரூம்காரர் பதறிப்போய்த் தன் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். “இப்ப இடம் வந்துடுச்சாம்மா?”

“உங்களை யாரு நகரச் சொன்னது? பழையபடியே உக்காருங்க.”

மகன் நெற்றியில் அடித்துக்கொண்டான். “குறை சொல்றதுக்குன்னே கிளம்பி வந்தியா?”

“அம்மா சொல்றதுல என்ன தப்பு?” என்றாள் அக்கா. “நாளைக்கு என் பசங்க இதுலதானே காலேஜ் போகணும்? ரெண்டு பேரும் ஆறடி. மடிச்சுப் பொட்டலம் கட்டியா வைக்கிறது?”



இப்போது வீட்டில் இருப்பது ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி. அதைக் கொடுத்துவிட்டுத்தான் புதுசு எடுக்கிறார்கள். தினமும் காலையில் மருமகள் அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் அக்கா வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். பையன்களைக் கல்லூரியிலும், அவர்கள் அப்பாவை ஸ்டேஷனிலும், கணவனை ஆபீசிலும் இறக்கிவிட்ட பிறகுதான் தன் லேபுக்குப் போக முடியும்.

“அண்ணி, ஏழரைக்கே ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வந்து உக்காந்திருக்காங்க. இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டார் டாக்டர்.”

“பத்து நிமிஷம் பசியோட இருந்தா யாரும் செத்துட மாட்டாங்க.”

மருமகள் வண்டியை ஷோரூமுக்குத் திருப்பினாள்.

அங்கே அக்காவின் வீட்டுக்காரர் சோபாவில் இல்லை. பக்கத்தில் நின்ற பெரிய வண்டியின் பின்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“இதைப் பாருங்க. வீடு மாதிரி இருக்கு.”

“அதையே எடுத்துடலாம்” என்றான் கணவன். “அம்மாவாலயே இந்தச் சின்னதுல உக்கார முடியல.”

மருமகள் சாவியை மேஜையில் வைத்தாள். “ஒவ்வொரு சீட்டா உக்காந்து குறை கண்டுபிடிச்சீங்களே அத்தை. டிரைவர் சீட்டை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?”

“அதுல எனக்கென்ன வேலை? அது உன் சீட்டு.”

மாமியார் ஷோரூம்காரரிடம் திரும்பினார். “தம்பி, சிவப்பையே எழுதுங்க.”

“முட்டி இடிக்குதுன்னியேம்மா” என்றான் மகன்.

“ஆமா. மூணு இடத்துலயும் பாத்துட்டேன், எங்கயும் ஒரு மனுஷன் பத்து நிமிஷம் உக்கார முடியாது. அதை உறுதி பண்ணிக்கத்தானே வந்தேன்.”

அக்காவின் முகம் சுருங்கியது. “அப்ப என் பசங்க?”

“பஸ் ஓடுது.”

“முன்சீட் இருக்கே அத்தை” என்று பெரிய வண்டிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

“அதுல அவ சாப்பாட்டுப் பை வரும் மாப்பிள்ளை.”

புது வண்டி வந்த மறுநாள் காலை, கணவன் அதன் பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தான். மெதுவாகக் காலை வெளியே எடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

மருமகள் நேரத்துக்கு முன்பே லேபில் இறங்கினாள். வண்டியில் வந்தது ஒருத்தியும் ஒரு சாப்பாட்டுப் பையும். காலியாக வந்த இடம் மூன்று.