விரல் நுனியில் வயோமிங்

"இதேதாங்க இடம். மொத்த வயோமிங்கும் இந்தப் புள்ளியிலதான் நிக்குது!"

சர்வேயர் கோரா, வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடியைக் குத்தினாள். பண்ணைக்காரர் ஹாலிஸும் அவர் மனைவி நெட்டியும் காபிக் கோப்பையோடு வாயைப் பிளந்து நின்றார்கள். வீட்டுச் சுவரிலிருந்து முப்பதே அடி. கொடியைத் தாண்டி இரண்டடியில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பண்ணைக்காரன் ரஸ்ஸின் நிலம்.

"நிக்குதுன்னா?"

"நம்ம மாநிலத்தை ஒரு தட்டுன்னு வெச்சுக்குங்க. அஞ்சே முக்கால் லட்சம் பேரும் அவங்கவங்க வீட்டுல நிக்கிறாங்க. எல்லாருக்கும் ஒரே எடை. அடியில ஒத்தை விரலைக் கொடுத்துத் தூக்கினா, தட்டு சாயாம நிக்கிற இடம் இது. போன வருஷக் கணக்கெடுப்புல இருந்து கண்டுபிடிச்சது."

"மாடுங்களைச் சேத்தாச்சா?" என்றாள் நெட்டி. "இங்க அதுங்கதான ஜாஸ்தி!"

"மனுசங்க மட்டும்தாம்மா."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். தேவாலயத்தில்கூட நெட்டி இடித்தால்தான் கழற்றுவார். மண்டியிட்டு, கொடிக்குப் பக்கத்தில் மண்ணில் விரலை வைத்தார். முந்நூற்று அறுபது மைல் அகல மாநிலம் அந்த விரல் நுனியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு ஆள் வீடு மாத்தினா?"

"இதுவும் நகரும். மாநிலத்தோட இந்தக் கோடியில இருக்கிற ஷையான்ல இருந்து ஒருத்தர் அந்தக் கோடி ஜாக்சனுக்குக் குடி போனாருன்னா, மூணு அடி."

"ஒத்தை ஆளுக்கு மூணு அடியா! கடவுளே!"

"நாளைக்கு வெண்கலத் தகடு பதிச்சிடுவோம். உங்க ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கும்."

ஹாலிஸின் பார்வை வேலிக்குப் போனது. இரண்டடி. முகம் வெளுத்துவிட்டது. நெட்டி அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"சொல்லிடுய்யா."

"சும்மா இரு. ரஸ் பக்கம் போயிடும். அவன் ஊரைக் கூட்டி விருந்து வெப்பான்!"

"பொய்த் தகட்டைப் பாத்துக்கிட்டு தினம் உன்னால காபி குடிக்க முடியுமா?"

முடியாது. அது அவருக்கே தெரியும். தொப்பியைக் கசக்கிக்கொண்டே கோராவிடம் வந்தார்.

"ஏம்மா, போன வருஷம் கணக்கெடுக்க வந்தவனை நாயை அவுத்துவிட்டு விரட்டிட்டேன். மூணு தடவை. என் வீட்டுல எத்தனை பேருன்னு அவனுக்கு எதுக்குன்னு ஒரு வீம்பு. நாங்க ரெண்டு பேரும் உங்க கணக்குலயே இல்லை. இவ்வளவு பெரிய விசயம்னு தெரியாமப் போச்சும்மா. கொடியைப் பிடுங்கு. ரஸ் நிலத்துக்குப் போனாலும் போகட்டும், சரியான இடத்துல நடு."

அவர் கண் கலங்கியிருந்தது. கோரா குறிப்பேட்டில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டுச் சுவரைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள்.

"பிடுங்க வேண்டாங்க" என்றாள் தயங்கித் தயங்கி. "விரலுக்கு நேர் மேல இருக்கிற எடை தட்டைச் சாய்க்காது. எண்ணாம விட்டாலும் இந்தப் புள்ளி அரை முடி கனம்கூட நகராத வீடு, மொத்த வயோமிங்லயும் உங்களோடது ஒண்ணுதான்."