இருபத்திரண்டாம் மீன்

"முப்பத்தொன்பது மீன் சரியா வருது, ஒண்ணு மட்டும் முரண்டு பண்ணுது. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லிடலாமே?" என்றார் சுந்தரராமன்.

"வேண்டாம் சார். மரபணு சரி. மீனைத்தான் நாம சரியாப் பார்க்கலை," என்றாள் கிருஷ்ணப்ரியா.

புனே ஆய்வுக்கூடத்தில் சபரி எழுதிய கட்டுரைமேல் புகார். அவனை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். சென்னையிலிருந்து விசாரிக்க வந்த சுந்தரராமனுக்கு, அதே பிரிவில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்ரியாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொட்டிகளில் கரும்பழுப்பு மீன்கள். அவை வாலருகிலிருந்து விடும் மெல்லிய மின்துடிப்பு ஒலிபெருக்கியில் 'டிக் டிக்' என்று கேட்டது. துடிப்பு நீளுமா, குறுகுமா என்பதை மரபணுவில் ஒரே ஒரு எழுத்து தீர்மானிக்கிறது என்பது சபரியின் முடிவு. இருபத்திரண்டாம் மீனுக்கு இருந்ததோ குறுகிய துடிப்புக்கான எழுத்து. அது விட்டதோ நீளத் துடிப்பு.

"எல்லாமே ஜோடிச்சதுங்கறாங்க."

"ஜோடிக்கிறவர் இந்த மீனைத்தான் முதல்ல மறைச்சிருப்பார். அவர் மறைக்கலையே."

சுந்தரராமன் யோசித்தார். "அப்போ இது ஏன் இப்படி?"

"இது ஆண் சார். பதிவு எடுத்தது இந்தத் தொட்டித் தண்ணியை மாத்தின சமயம், இப்பவும் இதுல மட்டும் வாராவாரம் மாத்தறாங்க. புதுத் தண்ணி வந்தா இதுக்கு மழைக்காலம்னு அர்த்தம். ஹார்மோன் ஏறும், துடிப்பு நீளும். தண்ணி மாத்தறதை நிறுத்தினா ஹார்மோன் இறங்கும், துடிப்பு பழையபடி குறுகிடும். மூணு வாரம் கொடுங்க."

"குறுகலைன்னா?"

"குறுகும்."

"உங்க பேரும் சேர்ந்து கெடும்மா. ரொம்ப வேண்டியவரோ?"

"வேலை சரியா இருக்கு சார். அதுக்காகத்தான் பேசறேன்."

தினமும் காலை எட்டு மணிக்கே ஊரின் மறுபக்கம் ஔந்த் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து அவள் துடிப்பைப் பதிவு செய்தாள். முதல் வாரம் மாற்றமே இல்லை. இரண்டாம் வாரம் கொஞ்சம் குறுகியது. இன்னொரு ஆண் மீனைப் புதுத் தண்ணீரில் விட்டாள். அதன் துடிப்பு நீளத் தொடங்கியது.

மூன்றாம் வார முடிவில் சுந்தரராமன் தாமே அளந்து பார்த்தார். இருபத்திரண்டாம் மீனின் துடிப்பு குறுகியிருந்தது. சந்தேகத்துக்கு இரண்டு முறை அளந்தார்.

"புகார்ல உண்மை இல்லைன்னு எழுதிடறேன். திங்கட்கிழமையே அவர் வேலைக்கு வரலாம்," என்று கைபேசியை எடுத்தார். "நம்பர் சொல்லுங்க, நானே பேசறேன்."

"வேண்டாம் சார், நாளைக்கு நான் நேர்ல சொல்லிடறேன்," என்றாள் கிருஷ்ணப்ரியா, தொட்டியை மூடியபடி. "பதினோரு மணிக்கு சிவாஜிநகர் குடும்ப நீதிமன்றத்துக்கு வருவார். எங்க விவாகரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."