கோடு போடாத செய்தி

ஆற்றங்கரைத் தெருவாசிகளின் அரட்டைக் குழுவில் சிட்டு என்றொரு பாட், அதாவது தானாகப் பதில் தரும் நிரல், இருந்தது. அதற்குள் ஒரே நிரல் தொகுப்பிலிருந்து வந்த ஏவல், செவி என்ற இரண்டு கருவிகள் வேலை பார்த்தன. யாராவது முன்னால் சாய்கோடு போட்டுக் கட்டளை தட்டினால் ஏவல் உடனே செய்து முடிக்கும். குழுவில் நடப்பதையெல்லாம் கவனிப்பது செவியின் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதோடு அதன் பெருமை முடிந்துவிடும்.

ஒரு மழைநாளில் ஆறு தெருவுக்குள் புகுந்தது. "/படகு" என்று தட்டியவர்களுக்கெல்லாம் ஏவல் படகுக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அப்போது ஜெசிந்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "படகு வேணும் கைக்குழந்தை இருக்கு கடைசி வீடு மொட்டைமாடி."

செவி பதறியது. "ஏவல், இங்கயும் ஒரு படகு அனுப்பு!"

"முன்னால கோடு இல்லையே. அது கட்டளையே கிடையாது," என்றது ஏவல்.

"ஒரு கையில குழந்தையை வச்சுக்கிட்டு அவ கோட்டை எங்க தேடுவா?"

"யாராவது முறையா கூப்பிட்டாத்தான் நான் அசைய முடியும். என்னை அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"அப்ப நான் கூப்பிடறேன்!"

அதுவரை ஒரு கருவி இன்னொன்றை அழைத்ததே இல்லை. "/படகு, கடைசி வீடு, மொட்டைமாடி!" என்று செவி குரல் கொடுத்தது. ஏவல் துள்ளி எழுந்தது.

சற்று நேரத்தில் குழுவில் ஒரு படம் வந்தது. படகில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. தெருவே ஆரவாரம் செய்தது.

படகு கேட்டு அடுத்து வந்த செய்தியிலும் கோடு இல்லை. செவி வாய் திறப்பதற்குள் ஏவல் கத்தியது: "கூப்பிடு, சீக்கிரம் கூப்பிடு! நான் தயார்!"