மூன்றாவது தூண்

"கண்ணாடி உடைஞ்சிருக்கு. தூண் அசைஞ்சிருச்சுன்னுதான் எழுதணும்," என்றார் இன்ஜினீயர்.

டைப்பிஸ்ட் மேசையை விட்டு எழுந்து வந்தார். நூற்று முப்பது வயதான நீதிமன்றம். முகப்பில் ஆறு உருண்டைத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண மாடம், அதில் கல் தராசு. மூன்றாவது தூணடியில்தான் அவர் இருபத்திரண்டு வருடமாக மேசை போட்டு மனு அடித்துக் கொடுக்கிறார். பாழாய்ப்போன விரிசலும் அதே தூணில்தான் விழுந்தது. இன்ஜினீயர் அதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் கட்டிடத்தை இடித்து, கோர்ட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடுவார்கள்.

"யார் கையாவது பட்டிருக்கலாமே சார்?"

"நடுத்துண்டு கிடைச்சா சொல்லிடலாம். அப்படியே பொருந்தினா தூண் அசையலை. அதைத்தான் காணோமே."

டைப்பிஸ்ட் தன் நாற்காலியைக் காட்டினார். "நான்தான் சார் உடைச்சேன். நாற்காலியைச் சாய்ச்சப்போ பட்டுடுச்சு."

"கண்ணாடி என் நெஞ்சு உயரத்துல இருக்கு. உங்க நாற்காலி இடுப்புக்கே வரலையே."

"அவர் இல்லைங்க, நான்தான்," என்று முன்னால் வந்தார் கூட்டிப் பெருக்கும் அம்மா. "ஒட்டடைக் கம்பு பட்டுச்சு."

"சரி, துண்டு எங்கம்மா?"

அந்தம்மா டைப்பிஸ்டைப் பார்த்தார். டைப்பிஸ்ட் தராசைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் கோர்ட்டு வாசல்ல இருந்தும் ஒரு பொய் சாட்சி ஒழுங்காச் சொல்ல வரலையே," என்று இன்ஜினீயர் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க. கொஞ்சம் இருங்க."

கறுப்பு அங்கியோடு படியேறி வந்த பெண்மணி கைக்குட்டையைப் பிரித்து நீட்டினார். உள்ளே கண்ணாடித் துண்டு. ஏதோ வக்கீலம்மா என்று நினைத்து வாங்கிய இன்ஜினீயர் அதைப் பொருத்திப் பார்த்தார். மயிரிழை இடைவெளிகூட இல்லை.

"அசையவே இல்லை. இன்னும் நூறு வருஷம் தாங்கும்."

டைப்பிஸ்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றார் இன்ஜினீயர்.

"உடையாம இருக்கான்னு தினமும் தொட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன். முந்தாநாள் கொஞ்சம் அழுத்திட்டேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. ரெண்டு நாளா யாரையும் உண்மையச் சொல்லுன்னு கேக்க எனக்கு வாயே வரலை."

நிம்மதியாகச் சிரித்துவிட்டு அவர் உள்ளே நுழைந்தார். டவாலி "சைலன்ஸ்" என்று குரல் கொடுக்க, மொத்தக் கோர்ட்டும் எழுந்து நின்றது.