மதிலுக்கு வெளியே

சகல ஆத்துமாக்கள் திருநாள். பதினேழாம் மாடி ஜன்னலில் மத்தியானமே இருண்டு கிடக்கிறது. கடையில் வாங்கிய, இன்னும் ஐஸ் விடாத வாழையிலையை மேசையில் விரித்து, சோறும் மீன்குழம்பும் ஒரு சுருட்டும் வைக்கிறாள் பேர்ணடெற். பக்கத்தில் ஊர்க் கோயில் பதிவேட்டின் போட்டோக்கொப்பி. அவளுடைய வம்சத்தின் முதல் ஞானஸ்நானப் பதிவு அது: 'தகப்பன்: காத்தான், அஞ்ஞானி.' ஞானஸ்நானம் பெறாமல் செத்தவனைச் சேமக்காலைக் கல்லறைகளைச் சுற்றிய மதிலுக்கு வெளியேதான் புதைத்தார்கள். "அஞ்ஞானிக்குப் படையலோ? மாதா பாத்துக்கொண்டு நிக்கிறா," என்று கணவர் எட்வேட் சினக்கிறார். "பாக்கட்டும். காலமை உங்கட அப்பாவுக்குப் பூசை ஒப்புக்குடுத்தம். அந்த மனிசனுக்கு ஆர் இருக்கினம்?" சொல்லிக்கொண்டே இன்னொரு சின்ன இலை விரித்து, அதில் ஒரு கிண்ணம் பால் வைக்கிறாள். ஆவி பறக்கிறது. "உது ஆருக்கு?" அவள் நிமிரவில்லை. "காத்தானுக்குப் பக்கத்தில கிடக்கிறவனுக்கு." மூன்றே நாள் உயிரோடு இருந்த அவர்களுடைய மூத்த மகன். ஞானஸ்நானத்துக்கு முன்பே கண்மூடியவன். நாற்பது வருடத்துக்கு முன், அந்த மதிலுக்கு வெளியே மண்வெட்டி பிடித்தது எட்வேட்தான். குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்கிறது. "பால் சுடுது," என்கிறார். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, ஊதி ஊதி ஆற்றுகிறார்.