ஐந்தடுக்கு

என் வெள்ளைக் காயை எடுத்து, கண்காணிப்பாளரின் நான்கு கறுப்புக் காய்களின் மேல் வைத்தேன்.

மேலே யார் காயோ, அடுக்கு முழுவதும் அவருக்கு. ஐந்தடுக்கு யார் கைக்குப் போகிறதோ, ஆட்டம் அவருக்கு. விதி அவ்வளவுதான்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளக்கம் வரப்போகிறது என்று அர்த்தம்.

தன்னை ஜெயித்தால் அன்றைக்கே என் இடமாறுதல் மனுவில் கையெழுத்து என்று அவர் வாக்குக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்காரரும் மகளும் பத்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். மகளுக்கு முன்பல் விழுந்ததையும் முளைத்ததையும் போனில்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டம். நான் ஜெயிக்கும்போதெல்லாம் அவருக்கு விதியில் ஒரு சந்தேகம் வரும். உடனே ஒரு விளக்கம் பிறக்கும். அதை டைப் அடிக்கிற பாவமும் என்னுடையதுதான்.

ஒன்பதாவது விளக்கம்: மூத்த அலுவலரின் காய் மேல் ஏறுமுன் அனுமதி கேட்க வேண்டும். பத்தாவது: கேட்ட அனுமதி மறுநாள் ஆட்டத்துக்குத்தான் செல்லும். பதினொன்றாவது: அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நானும் இன்று வெறுங்கையோடு வரவில்லை. பதினொரு விளக்கங்களையும் கோப்பில் கட்டி, நேற்றே எழுதி வாங்கிய அனுமதியையும் சேர்த்து நீட்டினேன்.

புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். நுழைய ஒரு சந்துகூடக் கிடைக்கவில்லை. மனுஷன் திருதிருவென்று விழித்ததைப் பார்க்க எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கையெழுத்துப் போடுற அதிகாரம் எனக்கு இல்லம்மா. மேல் மாடியில பெரியவருக்குத்தான். உங்க மனுவுக்காக ஒன்றரை வருஷமா அவரோட ஆடிட்டிருக்கேன். நிறைய தடவை ஜெயிச்சும் இருக்கேன்."

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தந்தார். என் கோப்பைவிட மூன்று மடங்கு தடிமன்.

கடைசித் தாளில் இன்றைய தேதி. முப்பத்தாறாவது விளக்கம்.

'பிறருடைய மனுவுக்காக ஆடி ஜெயித்தால், அந்த ஜெயம் செல்லாது.'