நீலக்கல் மலை

கத்தாரிலிருக்கும் அண்ணன் ஜெபராஜும் நாகர்கோவிலிலிருக்கும் தங்கை மெர்லினும் தினமும் சந்திப்பது ஓர் ஆன்லைன் விளையாட்டில்தான். அன்று மாலைக்குள் இருவரில் ஒருவருக்காவது நீலக்கல் கிடைக்காவிட்டால் இருவரும் ஆட்டத்திலிருந்து வெளியே.

"ஆத்துல தேடினா நூறு தடவைக்கு ஒண்ணு கிடைக்கும்ணே. மலையில லட்சத்துக்கு ஒண்ணு. அங்க போய் வெட்டுறியே!" என்று மெர்லின் கத்தினாள்.

"ஒருதரம் ஏறித்தான் வாயேன்."

ஏறினாள். பாறையெங்கும் முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று யாரோ ஒருவரின் கடப்பாரைக்கடியில் நீல ஒளி வெடித்து வானம்வரை எழுந்தது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஆடினார்கள். அது அடங்குமுன் வேறொரு சரிவில் இன்னொன்று.

அவள் போட்டது ஒருத்திக்கான கணக்கு. இத்தனை பேருக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவேயில்லை.

"யாருக்குண்ணே கிடைச்சுது?"

"தெரியலையே!" என்றபடி அவனும் ஆடிக்கொண்டிருந்தான்.

மெர்லினும் கூட்டத்தோடு ஒரு சுற்று ஆடினாள். ஆற்றையும் மாலைக் கெடுவையும் மறந்து கடப்பாரையை ஓங்கினாள்.